சுகர் இருப்பவர்கள் ஈறு விஷயத்தில் செய்யும் தவறுகள்

பல் துலக்கித் துப்பும்போது நுரையில் லேசாகச் சிவப்பு தெரிந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மறுநாளிலிருந்து அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் இல்லை, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிப் படலம் படிந்து ஈறு வீங்கியிருப்பதால். துலக்காமல் விட்டால் அந்தப் படலம் இறுகிக் காரையாகிவிடும், அப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது.

"வலிக்கவே இல்லையே" என்று இருந்துவிடுவது அடுத்தது. ஈறு நோய் பல் ஆடும்வரைகூட வலிக்காமல் போகும். மருத்துவர் அளவு குறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கிப் பார்ப்பார். 3 மி.மீ. வரை பயமில்லை, 4, 5 என்று இறங்கி ரத்தமும் கசிந்தால் கவனிக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு அந்த ரத்தக்கசிவுகூடக் குறைவாக இருக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது.

சுகர் வேறு, பல் வேறு என்று நினைப்பதுதான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பாதிப்பு என்று பல் மருத்துவ ஆய்வாளர் ஹாரால்ட் லோ 1993-லேயே எழுதினார். கட்டுக்கடங்காத சர்க்கரை ஈறின் அழற்சியைக் கூட்டி, புண் ஆறுவதைத் தாமதமாக்குகிறது. ஈறில் நாள்பட்டு நிற்கும் அழற்சி பதிலுக்கு இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. மாத்திரையும் நடையும் ஒழுங்காக இருந்தும் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இறங்கவில்லை என்றால் வாயையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்ததாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சின்ன எண்தான், ஆனால் மருந்து கூட்டாமல் கிடைப்பது. அதற்காக இருக்கிற மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பயமும் வேண்டாம். அப்படி ஆடினால் ஏற்கெனவே எலும்பு கரைந்திருக்கும், காரைதான் முட்டுக் கொடுத்து மறைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது உமிழ்நீர்ப் பரிசோதனை பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஈறைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தை அரிக்கும் எம்எம்பி-8 என்ற நொதியும், இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அழற்சிப் புரதங்களும் ஈறு நோயில் உமிழ்நீரில் கூடுகின்றன, அது உண்மைதான். ஆனால் எந்தப் பல்லில், எவ்வளவு எலும்பு போயிருக்கிறது என்பதை அது சொல்லாது, அதற்கு அந்தக் கம்பியும் எக்ஸ்ரேயும்தான் வேண்டும். உமிழ்நீரிலும் குளுக்கோஸ் உண்டு, ஆனால் ரத்தத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. சாப்பிட்டது, வாய் உலர்ந்திருப்பது எல்லாம் அதை மாற்றிவிடும். அதை வைத்து இன்சுலின் அளவை மாற்றுவது ஆபத்து.

கடைசியாக ஒன்று, பல் மருத்துவரிடம் போகிறோமே என்று வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போனால் நாற்காலியிலேயே ரத்தச் சர்க்கரை 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இறங்கி வியர்த்துக் கொட்டலாம். சாப்பிட்டுவிட்டு, முடிந்தால் காலை நேரமாகப் பார்த்து, சமீபத்திய எச்பிஏ1சி ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் கையோடு கொண்டுபோங்கள்.