மூச்சு முட்டும்வரை காத்திருக்காதீர்கள்: உயரப் பறப்பில் ஒட்சிசன்

இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகும் தம்பி தங்கைகள் ஒட்சிசன் பாடத்தை மேலோட்டமாகப் புரட்டிவிடுகிறார்கள். நம் நாட்டில் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். இங்கே மேலதிக ஒட்சிசன் அரிதாகவே தேவைப்படும். பறப்பு மணித்தியாலங்களைச் சேர்க்க வெளிநாடு போகிறவர்கள் மலைத்தொடர்களைத் தாண்ட நேரும். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கொள்ளுப்பிட்டியிலும் 18,000 அடியிலும் காற்றில் ஒட்சிசன் அதே 21 சதவீதம். குறைவது அமுக்கம், அங்கே அது பாதிதான். அப்போது மூச்சு முட்டும் என்று நினைக்காதீர்கள். மனம் இலேசாகும், எல்லாம் சரி என்றே தோன்றும். ஒருமுறை 12,000 அடியில், இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்ட என் விரலில் மாட்டிய ஒக்சிமீட்டர் 88 சதவீதம் காட்டியது. எனக்கோ ஒரு குறையும் தெரியவில்லை. ஒட்சிசன் குழாயை மூக்கில் வைத்துச் சற்று நேரத்தில் 96 ஆனது.

முதற்படி தரையிலேயே தொடங்குகிறது. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நெற்றியில் வழிந்த தேங்காய் எண்ணெய், உதட்டுக் களிம்பு எதுவும் மிஞ்சக்கூடாது. செறிந்த ஒட்சிசனில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பற்றும். சிலிண்டரைத் தொடும் கைக்கும் இதே விதிதான்.

அடுத்து, வால்வை மெதுவாகத் திறந்து அமுக்கமானியைப் பாருங்கள். குழாய் எங்கும் மடிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பிறகு மூக்குக் குழாயை மாட்டி, ஒட்சிசன் ஓடுவதைக் காட்டும் சிறு பந்து எழுகிறதா என்று கவனியுங்கள். சளியால் மூக்கடைத்திருந்தால் இக்குழாய் பயன் தராது. 18,000 அடிக்கு மேல் முகக்கவசம்தான்.

எப்போது தொடங்குவது? அமெரிக்க விதிப்படி 12,500 அடிக்கு மேல் 30 நிமிடத்தைத் தாண்டினால் விமானிக்குக் கட்டாயம். 14,000 அடிக்கு மேல் முழு நேரமும். நான் அவ்வளவு பொறுக்கமாட்டேன். பகலில் 10,000 அடியிலும், கண்பார்வை முதலில் மங்குவதால் இரவில் 5,000 அடியிலும் தொடங்கிவிடுவேன்.

மேலே போனபின் வழக்கம்போல் மூச்சுவிடுங்கள். பதற்றத்தில் வேகமாக இழுத்தாலும் விரல் நுனி விறுவிறுக்கும், தலை சுற்றும். ஒட்சிசன் குறைந்தாலும் அப்படித்தான். எது என்று ஆராய அங்கே நேரமில்லை. 25,000 அடியில் ஒட்சிசன் நின்றால் தெளிவாக இயங்க 3 முதல் 5 நிமிடமே கிடைக்கும். ஒட்சிசன் ஓட்டத்தை முழுதாகத் திறந்து, மூச்சை நிதானப்படுத்தி, 10,000 அடிக்குக் கீழே இறங்குங்கள்.