கெத்தும் தூளா, நீர்க்கடம்பா? டிஎன்ஏ மூலம் கண்டறியும் முறை

கஞ்சாவை அதன் இலைமயிர்களை வைத்தே நுண்ணோக்கியில் பெரும்பாலும் பிடித்துவிடலாம். கிராட்டம் எனப்படும் போதை இலையின் பொடியான கெத்தும் தூள் அப்படியல்ல. அதுவும் தமிழ்நாட்டு நீர்க்கடம்பும் மித்ராகைனா என்னும் ஒரே பேரினம். பொடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. டிஎன்ஏ சோதனை தேவைப்படுவது இங்கேதான். ஆனால் அது செடியின் பெயரை மட்டும் சொல்லும். சிங்கப்பூர்ச் சட்டம் தடை செய்திருக்கும் மித்ராகைனின் என்னும் வேதிப்பொருள் அதில் இருக்கிறதா என்பதை ஜிசி-எம்எஸ் போன்ற வேதியியல் சோதனைதான் காட்ட வேண்டும்.

மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் விடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு ஐடிஎஸ் பகுதியை (இனங்களைப் பிரித்தறிய உதவும், பூஞ்சையிலும் உள்ள டிஎன்ஏ துண்டு) பெருக்கினால் செடிக்குப் பதில் பூஞ்சையின் வரிசை வரும். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு உலர வையுங்கள். மறுசோதனைக்கு ஒரு பங்கைத் தொடாமல் முத்திரையிடுங்கள்.

20 மி.கி. தூளுக்கு 700 மைக்ரோலிட்டர் 2% சிடிஏபி (செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளிக்கொணரும், சோப்பு போன்ற பொருள்) கரைசல் போதும். ஏர்கானில் கரைசல் கட்டிதட்டினால் முதலில் 65 டிகிரிக்குச் சூடாக்குங்கள். டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 1%-உம், பயன்படுத்துமுன் புகைக்கூண்டில் வைத்து 0.2% மெர்காப்டோஎத்தனாலும் சேர்க்கவும். இவற்றை விட்டால் இலையின் டானின் டிஎன்ஏவோடு ஒட்டி, வீழ்படிவு பழுப்பாகிவிடும். 65 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சம அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) கலந்து சுழற்றுங்கள். நடுப்படலத்தைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுத்து, ஐசோபுரொப்பனாலில் வீழ்த்தி, 70% எத்தனாலில் கழுவி, டிஎன்ஏவைச் சிதையாமல் காக்கும் டிஇ கரைசல் 50 மைக்ரோலிட்டரில் கரையுங்கள்.

பிசிஆர் (டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் முறை) செய்தபின் ஜெல்லில் பட்டை வராவிட்டால் டிஎன்ஏ இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் தடைப்பொருள்தான் காரணம்: 10 மடங்கு, 50 மடங்கு நீர்த்துப் பாருங்கள், தடைப்பொருளைப் பிடிக்கும் பிஎஸ்ஏ புரதத்தைச் சேருங்கள். அப்படியும் வராவிட்டால் டிஎன்ஏ சிதைந்திருக்கலாம்; ஆர்பிசிஎல் என்னும் பசுங்கணிக மரபணுவின் சுமார் 600 கார இணைகளை விட்டு, 200 சொச்சம் இணைகளே உள்ள, ஐடிஎஸ்ஸின் ஒரு பகுதியான ஐடிஎஸ்2-க்கு மாறுங்கள். மாதிரி சேர்க்காத குழாய் ஒன்றைப் பிரித்தெடுப்பிலிருந்தே கூடக் கொண்டுசெல்லுங்கள். அதில் பட்டை தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்.

வரிசையை இரு திசையிலும் படியுங்கள். வரிசை வரைபடத்தில் சிகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தூள் கலவையாக இருக்கலாம். வழக்கமான சாங்கர் வரிசைப்படுத்தும் முறையில் அதைப் பிரிக்க முடியாது. ஜென்பேங்க் என்னும் பொது டிஎன்ஏ தரவுத்தளப் பொருத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதில் தவறாகப் பெயரிட்ட பதிவுகளும் உண்டு. உலர்தாவரக் காப்பகத்தில் பெயர் உறுதிசெய்த மாதிரியையும், நீர்க்கடம்பு போன்ற நெருங்கிய இனங்களையும் கூடவே ஓட்டுங்கள். ஆர்பிசிஎல் மட்டும் பொருந்தினால் அறிக்கையில் "மித்ராகைனா பேரினம்" என்றே எழுதுங்கள். ஐடிஎஸ் வரிசை நெருங்கிய இனங்களிலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றால்தான் இனப்பெயரை எழுதலாம்.