கறி சீவ ஜப்பான் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

முழுசாகச் சுட்ட மாட்டிறைச்சியை விருந்தினர் கண்ணெதிரே சீவிப் பரிமாறுவதுதான் ஓட்டலில் எனக்குப் பதினோரு வருட வேலை. டோக்கியோவுக்கு முதல் தடவை போனபோது, ஆசைப்பட்டு யானகிபா ஒன்று வாங்கி வந்தேன். சாஷிமிக்கு, அதாவது பச்சையாகவே பரிமாறும் மெல்லிய துண்டுகளுக்கு, மீன் சீவும் கத்தி அது. வலப்பக்கம் மட்டும் சரிவு, இடப்பக்கம் தட்டை. மீனுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. சுட்ட கறியில் இறக்கினால் அலகு தானாக இடப்பக்கம் ஒதுங்குகிறது. மேலே காகிதமாய்த் தொடங்கிய துண்டு அடியில் விரல் கனத்துக்கு வந்து நின்றது.

கறிக்கு வேண்டியது சுஜிஹிகி. சுஜி என்றால் தசைநார், ஹிகி என்றால் இழுப்பது. பெயரிலேயே வேலை இருக்கிறது. இருபக்கமும் சரிவு இருப்பதால் நேராக இறங்கும். அலகு குறுகலாக இருப்பதால் கறி அதில் ஒட்டிக்கொண்டு இழுபடுவதும் குறைவு.

அடுத்தது நீளம். பெரும்பாலும் 240, 270, 300 மி.மீ. அளவுகளில் கிடைக்கும். என் தேர்வு 270. சீவிய துண்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரம்பம் போட்டது போல வரி வரியாக இருந்தால், கத்தி நீளம் போதாமல் முன்னும் பின்னும் அறுத்திருக்கிறீர்கள். கைப்பிடியை ஒட்டிய குதிப்பக்கத்தில் தொடங்கி முனைவரை ஒரே இழுப்பில் வந்த துண்டின் முகம் வழவழவென்று மின்னும். இந்த ஒரு இழுப்புக்காகத்தான் நீளத்துக்குக் காசு கொடுக்கிறோம். வீட்டுப் பலகை சின்னது என்றால் 240 போதும்.

எஃகில் ரொம்பக் குழம்ப வேண்டாம். ஷிரோகாமி, அவோகாமி போன்ற கார்பன் எஃகுகள் அருமையாகக் கூர் ஏறும். ஆனால் ஈரத்தோடு வைத்தால் துரு பிடித்துவிடும். பரிமாறும் இடத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நான் விஜி10 என்ற துருப்பிடிக்கா எஃகில் செய்த கத்தி வைத்திருக்கிறேன். துரு லேசில் பிடிக்காது, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60 வாக்கில் வரும்.

கைப்பிடி உங்கள் கைக்குச் சரியாக இருந்தால் சரி.

டோக்கியோ போகிறவர்கள் உயேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில் உள்ள கப்பாபாஷி தெருவுக்குப் போங்கள். சமையல் சாமான் கடைகளாகவே இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கத்தியைக் கையில் வாங்கி, குதியிலிருந்து முனைவரை ஒரு கண்ணால் நோக்குங்கள். நீள அலகில் கோணல் இருந்தால் அப்போதே தெரியும். இடக்கைக்காரர்கள் அதைச் சொல்லியே கேளுங்கள். இருபக்கச் சரிவிலும் வலக்கைக்கென்று ஒரு பக்கம் கூடுதலாகத் தீட்டியவை உண்டு.

வாங்கிய பிறகு எலும்பிலும் உறைந்த கறியிலும் அதை வைக்கவே கூடாது. கடினமான எஃகு வளையாது, விளிம்பு சில்லு சில்லாக உடைந்துவிடும். தெருவில் வரும் சாணைக்காரரிடமும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சக்கரத்தின் சூட்டில் மெல்லிய விளிம்பின் பதம் போய்விடும். தண்ணீர் விட்டுத் தீட்டும் 1000 எண் கல்லில் தீட்டி, அதைவிட நைசான 3000 எண் கல்லில் முடியுங்கள்.

அப்புறம், ஊர் திரும்பும்போது கத்தியை விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் (செக்-இன்) பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். முனைக்கு அட்டை உறை போட்டு, துணிகளுக்கு நடுவில் படுக்கவையுங்கள்.