மலைச்சரிவில் கல்வீடு: வரைபடத்துக்கு முன் தண்ணீர்

நீலகிரியில் வீடு கட்ட வருகிறவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய ஜன்னலைத்தான் முதலில் கேட்கிறார்கள். அது கிடக்கட்டும். மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு வழி எது?

1. மழைநாளில் குடையோடு போய் மனையைப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும்; குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் சோதனை. நீர் ஓடிய தடத்தில் வீடு வேண்டாம். ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், HACA) அனுமதி தேவைப்படும் ஊரா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

2. ஜேசிபியை விட்டு மொத்த மனையையும் சமமாக்காதீர்கள். வெட்டிய மண்சுவர் உயர உயர ஆபத்தும் ஏறும். கூடம் மேலே, படுக்கையறை நாலு படி கீழே என்று வீடே சரிவோடு இறங்கட்டும்.

3. தாங்குசுவரில் கஞ்சத்தனம் கூடாது. சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண் தனியாக அல்ல, மழையில் அதற்குள் தேங்கும் தண்ணீரின் அழுத்தம். கருங்கல் சுவரின் முதுகுப்புறம் ஜல்லி நிரப்பி, முகப்பில் வரிசையாகத் துளைகள் விடச் சொல்லுங்கள். முகம் மேலே போகப்போக மண் பக்கமாகச் சற்றே சாய வேண்டும். முகக்கல்லை அழகாக அடுக்கி, நடுவே பொடிக்கல்லைக் கொட்டி மூடும் வேலையும் நடக்கும். வெளியே தெரியாது, சில மழைக்குப் பிறகு வயிறு தள்ளும். சுவரின் அகலம் முழுக்க ஊடுருவும் நீளக் கற்களை இடையிடையே வைக்கிறாரா என்று பாருங்கள். நல்ல மேஸ்திரியை அடையாளம் காண எனக்குத் தெரிந்த எளிய வழி அதுதான்.

4. கல்சுவருக்கு உள்ளே சுண்ணாம்புப் பூச்சு நல்லது. நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்ப்பது பழைய வழக்கம். சுவரின் ஈரம் இதன் வழியே வெளியேறும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து உதிரும். மெல்ல இறுகும் பூச்சு இது, அவசரப்படுத்த முடியாது. அடைமழைக் காலத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

5. பெரிய கண்ணாடியைத் தெற்கே வையுங்கள். ஊட்டியில் மார்கழி நண்பகல் வெயில் சுமார் 55 பாகை உயரத்தில் தெற்கிலிருந்து விழுந்து அறையைச் சூடாக்கும். ஜூனில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். ஓட்டுக்கூரை நல்ல சரிவோடு சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது நீளட்டும்.

6. கதவுக்கு நன்றாக உலர்ந்த மரமே வேண்டும். மழைக்காலத்தில் ஊதும் என்பதால் சட்டத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆடியில் கதவைத் திறக்கத் தச்சரைக் கூப்பிட வேண்டிவரும்.