கணவனின் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணுக்குத் துணை நிற்பது எப்படி?

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் ஒரு பெண், தன் விருப்பத்துக்கு மாறாகக் கணவன் உறவுக்கு வற்புறுத்துகிறான் என்று உங்களிடம் சொல்லத் துணிந்தால், மாமியார், நாத்தனார் காதுக்கு எட்டாத இடத்தில் அமர்ந்து, குறுக்கிடாமல் கேளுங்கள். “புருஷன்தானே, பொறுத்துப் போ” என்ற அறிவுரை அவரை மீண்டும் அதே அறைக்குள் தள்ளிவிடும். இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசுவதும் ஆபத்தானது. அவர் வாய் திறந்ததற்கான தண்டனையை அன்றிரவே அனுபவிக்க நேரலாம்.

காயமோ வலியோ இருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதைச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு வல்லுறவாகக் கருதுவதில்லை. இந்த விதிவிலக்கு பெரும் அநீதி என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். எனினும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையை வெளிப்படையாகவே வன்முறையில் சேர்த்திருப்பதால், அச்சட்டத்தின்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு உத்தரவு கோரலாம். அதை மீறும் கணவனுக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு.

181 என்ற மகளிர் உதவி எண்ணையும், உடனடி ஆபத்துக்கு 112ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். புகார் அளிப்பதா, எப்போது அளிப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்; அதுவரை ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை உங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.