சென்னைப் பெண்கள் ராணுவ அதிகாரியாவது எப்படி?

பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி அளித்து வருகிறது. அதில் சேர விரும்பும் சென்னை மாணவியர் முதலில் தம் வயதையும் படிப்பையும் வைத்து வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பிளஸ் டூ மாணவியர், 2021-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் பெண்களுக்குத் திறக்கப்பட்ட என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வை எழுதலாம், ஆனால் அவர்கள் செல்ல வேண்டிய இடம் புனே அருகிலுள்ள கடக்வாஸ்லா. பரங்கிமலைக்கு வர விரும்பும் பட்டதாரிகளும் இறுதியாண்டு மாணவியரும், யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வை எழுத வேண்டும். மணமாகாதவராகவும், ஏறத்தாழ 19 முதல் 25 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். சென்னையிலேயே தேர்வு மையம் உண்டு; பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்தவர் முதலாண்டிலேயே என்.சி.சி.யில் சேர்வது புத்திசாலித்தனம். 'சி' சான்றிதழும் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாத தனி நுழைவு வழியில் விண்ணப்பிக்கலாம்.

பயிற்சி அகாடமிக்கான எழுத்துத் தேர்வில் ஆங்கிலம், பொது அறிவு என்னும் இரண்டு தாள்களே உள்ளன, கணிதம் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 200 மதிப்பெண்கள்தாம், அதன் பின் ராணுவத்தின் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கும் அதே 200. பலர் இந்தக் கணக்கைப் பாராமல் பொது அறிவு நூல்களிலேயே மாதங்களைக் கழித்துவிடுகின்றனர். ஐந்து நாள் நடைபெறும் எஸ்.எஸ்.பி.யில் முதல் நாளிலேயே, மங்கலான படம் ஒன்றை அரை நிமிடம் காட்டி, அதைப் பற்றி நான்கு நிமிடத்தில் கதை எழுதவும், பின்னர் அதைக் குழுவின் முன் சொல்லி விவாதிக்கவும் சொல்வார்கள். இதில் தேறாதவர்கள் அன்றே திருப்பி அனுப்பப்படுவார்கள். நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்தும், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது வாயைத் திறக்கத் தயங்குவதே நம் பெண்கள் பலருக்கு இங்கே தடையாகிறது. எனவே நான்கைந்து தோழியர் சேர்ந்து, நாளிதழ்ப் படம் ஒன்றை வைத்து வாரம் இருமுறையாவது இவ்வாறு பேசிப் பழகுவது, தனியே படிப்பதைவிடப் பெரிதும் பயன்படும்.

ஓட்டப் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்; மெரினாவின் விடியற்காலை அதற்குப் போதும். தேர்ந்தெடுக்கப்பட்டால் 49 வாரப் பயிற்சி காத்திருக்கிறது.

"பத்து வருஷம் கழித்து என்ன செய்வாய்?" என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. இந்த அகாடமி வழியே கிடைக்கும் குறுகிய காலப் பணி 10 ஆண்டுகள். மேலும் 4 ஆண்டுகள் நீட்டிக்கலாம். அத்துடன் வெளியேறுபவருக்கு ஓய்வூதியம் கிடையாது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, பணிப் பதிவும் உடல்தகுதியும் பரிசீலிக்கப்பட்டு, பல பிரிவுகளில் பெண்கள் நிரந்தரப் பணி பெற முடிகிறது. 2023 ஏப்ரலில் இதே அகாடமியில் பயிற்சி முடித்த ஐந்து பெண்கள் முதன்முறையாகப் பீரங்கிப் படையில் சேர்ந்தனர். காலாட்படையும் டாங்கிப் படையும் பெண் அதிகாரிகளுக்கு இன்னும் திறக்கப்படவில்லை; அவற்றையே மனத்தில் வைத்திருப்பவர் விண்ணப்பிக்கும் முன்பே இதை அறிந்திருக்க வேண்டும்.