மீன் தலையில் நுகர்ச்சித் திசுவைப் பிரித்தெடுத்துப் பார்ப்பது எப்படி

முதுகெலும்பிகளின் மூக்கில் மணத்தை உணரும் திசுவை நேரில் பார்க்க விரும்பும் விலங்கியல் மாணவருக்கு, மீன் சந்தையில் கிடைக்கும் ரோகு அல்லது கட்லாவின் தலையைவிட வசதியான பொருள் வேறில்லை. பாலூட்டிகளில் இத்திசு மூக்கறையின் கூரையில், மூளையைத் தாங்கும் சல்லடை எலும்பை ஒட்டி ஒளிந்திருப்பதால், அதை எட்டுவதற்கு எலும்பை அறுத்து, அதிலுள்ள சுண்ணத்தையும் அமிலத்தில் கரைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான எலும்பு மீன்களிலோ மூக்கறை என்பது வாயோடும் சுவாசத்தோடும் தொடர்பில்லாத ஒரு தனிக்குழி. மேல்தோலை நீக்கினால் திசு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஜிலேபி மீனை மட்டும் தவிர்ப்பது நல்லது. அதற்குப் பக்கத்துக்கு ஒரே நாசித்துளைதான் உண்டு என்பதால், நீர் ஒரு துளை வழியாக நுழைந்து மறு துளை வழியாக வெளியேறும் வழக்கமான அமைப்பை அதில் காண முடியாது.

மீன் எவ்வளவு புதியது என்பதைப் பொறுத்தே வேலை அமையும். நீரோடு நேரடியாக உரசும் மெல்லிய திசு என்பதால், உயிர் போன சில மணி நேரத்திலேயே மேற்பரப்புச் செல்கள் சிதைந்து உதிரத் தொடங்குகின்றன. ஆகவே தொட்டியில் உயிரோடு வைத்து விற்கும் மீனை வாங்கி, கடைக்காரரிடமே வெட்டித்தரச் சொல்லி, தலையைப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதே முறை. செவுள் சிவப்பாக இருக்கிறது என்பது சமையலுக்குப் போதுமான சான்று. இந்த வேலைக்குப் போதாது.

தலையை மேற்பக்கம் பார்க்கும்படி மெழுகுத் தட்டில் குத்தி நிறுத்தி, கண்ணுக்கு முன்னால் அடுத்தடுத்து உள்ள இரு நாசித்துளைகளையும் அவற்றுக்கு இடையில் நிற்கும் தோல் மடிப்பையும் முதலில் கைலென்ஸால் பார்த்துக்கொள்ளவும். மீன் முன்னோக்கி நீந்தும்போது நீரை முன்துளைக்குள் திருப்பிவிடுவது இந்த மடிப்புதான். பின் நுண்கத்தரியின் ஒரு முனையைப் பின்துளைக்குள் செலுத்தி, முனை எப்போதும் தோலின் உட்புறத்தை உரசியே செல்லுமாறு பிடித்து, குழியின் விளிம்பைச் சுற்றி வெட்டி, தோலை மூடி திறப்பதுபோல் எடுத்துவிட வேண்டும். அடியில் முட்டை வடிவில் ஓர் உறுப்பு கிடக்கும்: நடுவில் நீளவாக்கில் ஒரு தண்டு, அதன் இருபுறமும் நெருக்கமாக நிற்கும் மெல்லிய தகடுகள். நுகர்ச்சி ரோஜா என்று உடற்கூறியலார் அழைப்பது இதைத்தான். மீன் வளர வளரத் தகடுகளின் எண்ணிக்கையும் கூடுவதால், ஒரே இனத்திலும் சிறிய மீனுக்கும் பெரிய மீனுக்கும் எண்ணிக்கை வேறுபடும்.

கழுவுவதற்குக் குழாய் நீர் வேண்டாம். நன்னீர் மீனாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் வெட்டுப்பட்ட திசுவின் உட்பகுதி நன்னீரைச் சந்தித்ததே இல்லை, பட்டவுடன் செல்கள் உப்பிவிடும். 0.7 சதவீத உப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கோழையை அகற்றவும். திசு உண்மையிலேயே புதியதாக இருந்தால், ஒரு தகட்டைக் கிள்ளியெடுத்து, அதே கரைசலில் கண்ணாடித் தகட்டின் மேல் பரப்பி, கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தூளைச் சிட்டிகையளவு தூவி நுண்ணோக்கியில் பார்க்கலாம். தூள் துகள்கள் தகட்டின் ஓரமாக ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைத் தள்ளுபவை, மணத்தை உணராத செல்களில் உள்ள குறு இழைகள். மணத்தை ஏற்கும் நரம்புச் செல்களுக்கும் குறு இழைகள் உண்டு என்றாலும், நீரைத் துழாவித் தள்ளும் வேலை அவற்றுடையது அன்று.

இடப்பக்க ரோஜாவைச் செதில் வெட்டுக்கு, அதாவது மெழுகில் பதித்து நுண்ணோக்கிக்காக மெல்லிதாகச் சீவுவதற்கு, எடுத்துக்கொள்ளலாம். தண்டின் அடியைப் பிடித்து முழுதாகத் தூக்கி உடனே, திசுவைச் சிதையாமல் நிலைநிறுத்தும் பூவான் கரைசலில் இட வேண்டும். 75 பங்கு நிறைவுற்ற பிக்ரிக் அமிலக் கரைசல், 25 பங்கு ஃபார்மலின், 5 பங்கு அசிட்டிக் அமிலம் என்பது அதன் கலவை. பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது என்பதால் புட்டியின் கழுத்தில் தூள் படிய விடக்கூடாது. ஓர் இரவு கழித்து, மஞ்சள் நிறம் நீங்கும்வரை 70 சதவீத ஆல்கஹாலை மாற்றி மாற்றிக் கழுவவும்.

மெழுகில் பதிக்கும்போது மாணவர்களின் கவனம் தவறும் இடம் திசை. தண்டுக்குக் குறுக்கே வெட்டினால், கத்தி தகடுகளின் தட்டைப் பரப்போடு சேர்ந்தே ஓடுவதால், எந்தச் செல் மேலே எந்தச் செல் கீழே என்று பிரித்தறிய முடியாத ஒரு குழப்பம்தான் கிடைக்கும். குழியின் தரைக்கு இணையாக, 5 அல்லது 6 மைக்ரோமீட்டர் தடிப்பில் வெட்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு தகடும் இருபுற எபிதீலியத்தோடும் (மேற்பரப்பை மூடும் செல் அடுக்கு), நடுவே இரத்தக் குழாய்களும் நரம்பிழைகளும் கொண்ட உள்ளீட்டோடும் தெரியும்.

ஹீமாடாக்சிலின், இயோசின் சாயமிட்டபின், வெளிறிய கோழைச் செல்கள் மிகுந்திருக்கும் பகுதியை உணர்வற்ற பகுதி என ஒதுக்கிவிட்டு, உட்கருக்கள் பல அடுக்குகளாக நெருங்கியிருக்கும் பகுதிக்கு வரவும். உணர்வுப் பகுதி தகட்டின் எவ்விடத்தில் பரவியிருக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறுவதால், இடத்தை நம்பாமல் செல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஆழத்தில் உட்கரு இருந்து, நீண்ட மெல்லிய காம்பை மேற்பரப்புக்கு அனுப்புவது குறு இழை கொண்ட நரம்புச் செல். சற்று மேலே, குட்டையாக இருப்பது நுண்விரலிகள் (விரல்போன்ற மிகச்சிறு நீட்சிகள்) கொண்டது. மேற்பரப்பை ஒட்டி உருண்டையாக, அரிதாகத் தென்படுவது குழிச் செல். பாலூட்டியின் செதில் வெட்டைப் பார்த்துப் பழகியவர்கள், அங்கே கோழை சுரக்கும் போமன் சுரப்பிகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மீன்களில் அவை இல்லை.

குறு இழை கொண்ட நரம்புச் செல்களின் மேற்பரப்புச் சவ்வில் மணத்தை ஏற்கும் ஏற்பிப் புரதங்களுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகிய இருவரும் 1991இல் எலியில் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். அப்புரதங்கள் இந்தச் சாயத்தில் தெரியமாட்டா.

வலப்பக்கத்தில் ரோஜாவை இடத்திலேயே விட்டு, அதன் அடியிலிருந்து மண்டையோட்டைப் பின்னோக்கிச் சிறிது சிறிதாக உடைத்துச் செல்லவும். ரோகு, கட்லா போன்ற கெண்டைக் குடும்பத்து மீன்களில், மணச் செய்தியை முதலில் பெறும் மூளைப்பகுதியான நுகர்ச்சிக் குமிழ், மூளையின் மற்றப் பகுதிகளோடு ஒட்டியிராமல் ரோஜாவுக்கு அருகிலேயே இருக்கும். அங்கிருந்து இரு நீண்ட வெண்ணிற இழைத்தடங்கள் முன்மூளைக்குப் போகும். இழுத்தால் அறுந்துவிடும், எலும்பைத்தான் அகற்ற வேண்டும். ரோஜாவுக்கும் குமிழுக்கும் இடையிலான குட்டை நரம்பு, செதில் வெட்டில் பார்த்த அதே செல்களின் ஆக்சான்கள் (செய்தியைக் கடத்தும் நீண்ட இழைகள்) சேர்ந்த கட்டு. முதுகெலும்பிகளில் வாழ்நாள் முழுதும் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும் நரம்புச் செல்கள் இவை என்பதால், இடப்பக்கச் செதில் வெட்டுக்கு மீண்டும் திரும்பி, எபிதீலியத்தின் அடித்தளத்தில் உள்ள சிறு செல்களை எண்ணெய் லென்ஸில் பொறுமையாகத் துழாவினால், பகுப்பின் நடுவில் நிலைபெற்றுவிட்ட ஒன்றிரண்டு உட்கருக்கள் அகப்படும்.